இடது கண்ணுக்குக் கையெழுத்து, இரண்டு கண்ணிலும் அறுவை

கேள்வி: வயது 36. சிறுவயதிலிருந்தே இடது கண் வெளிப்பக்கம் விலகி நிற்கும் மாறுகண். 19 மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணில் மட்டும் என்றுதான் பேச்சு. விழித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் தையல். இன்றும் வலப்பக்கம் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டி என்னைப் பார்க்கவே இல்லை. நடுவில் இதயத்துடிப்பு குறைந்துவிட்டதாம். இரவு முழுக்க வாந்தி. கேட்டால் எரிந்து விழுகிறார்கள். இலவசமாக மறுபடி செய்து தருகிறோம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதம் வேறு இடத்தில் மறு அறுவைக்கு நாள் குறித்துவிட்டேன். கிரிமினல் வழக்கு போடலாமா? ஒப்புதல் படிவத்தை அன்று என் மனைவி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம். உங்கள் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் போட்டோவில்தான் இருக்கிறது.

மற்றதையெல்லாம் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கண் தசையைப் பிடித்து இழுக்கும்போது இதயத்துடிப்பு குறைவது உடலின் இயல்பான அனிச்சை. மயக்க மருந்து நிபுணர்கள் அதை எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் நிற்கிறார்கள். வாந்தியும் இந்த அறுவையில் சகஜம். முன்கூட்டி வந்து பார்க்காதது குறைதான், ஆனால் அதனால் உங்களுக்கு என்ன கெட்டது என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. எரிந்து விழுந்ததற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. கிரிமினல் வழக்கை விடுங்கள். ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். உங்கள் விஷயம் அந்த ரகம் அல்ல.

'நல்ல கண்ணில் கை வைத்துவிட்டார்கள்' என்று நோட்டீஸில் எழுதாதீர்கள். மாறுகண்ணுக்கு நல்ல கண்ணின் தசையையும் சரிசெய்வது வழக்கமான முறைதான். எந்த நிபுணரைக் கூப்பிட்டாலும் முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்வார், வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். இரட்டைப் பார்வையும் அப்படித்தான். சிறுவயது முதல் ஒரு கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிப் பழகிய மூளைக்குக் கண்கள் நேரானதும் இரண்டு பிம்பம் தெரியலாம் என்பது தெரிந்த அபாயம். விளைவு சரியில்லை என்பதும் அலட்சியம் என்பதும் வேறு வேறு.

உங்களுக்குள்ள ஒரே நல்ல கேள்வி இது: வலது கண்ணுக்கு நீங்கள் சம்மதம் கொடுத்தீர்களா? 'உள்ளே போன பிறகுதான் தேவை தெரிந்தது' என்பார்கள். மயக்கத்தில் தசையை இழுத்துப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது உண்டுதான். ஆனால் மயக்கத்தில் கண்ணின் நிலையே மாறிவிடும் என்பதால், எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்ற கணக்கை விழித்திருக்கும்போது எடுத்த பிரிசம் அளவை (முப்பட்டகக் கண்ணாடியைக் கண்முன் வைத்து அளந்த விலகலை) வைத்து முன்பே போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கு கேஸ் ஷீட்டில் இருக்கும். அதில் வலது கண்ணும் இருந்தால், தெரிந்தே சொல்லாமல் விட்டார்கள் என்று ஆகும். இல்லாவிட்டால், உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லாதபோது உங்களை எழுப்பிக் கேட்க என்ன தடை? சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதுதான்.

இப்போது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'எல்.ஈ.' என்று இருந்தால் இடது கண், 'பி.ஈ.' என்றால் இரண்டும். அதன் கீழே பொடி எழுத்தில் 'தேவைப்பட்டால் மற்ற கண்ணிலும்' என்ற வரி இருந்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், கேஸ் ஏறக்குறைய முடிந்தது. 'படிக்காமல் போட்டேன்' என்பதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 'டாக்டர் உசிதம்போல் எதுவும்' என்ற பொத்தாம்பொதுவான வரி மட்டும் என்றால் வாதாட இடம் உண்டு. அந்த போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டு அந்தப் பிரதியைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். மூலக் கோப்பு வேண்டும், அதற்கு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் படிவத்தில் கையால் எழுதிய ஆங்கில 'எல்' (L) பிறகு 'பி' (B) ஆக இரண்டு வளைவு போதும். நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துவது அடுத்த மாத மறு அறுவை. கட்சிக்காரர்கள் விழுகிற குழி அதுதான். புது டாக்டர் தசைகளை மறுபடி நகர்த்திய மறுநாளே, பழையவர் என்ன செய்தார் என்பதற்கான சாட்சியம் உங்கள் கண்ணிலிருந்து அழிந்துவிடும். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாகச் சொல்வார்: 'குறை இரண்டாவது அறுவையால் வந்தது.' மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, அதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். அதற்கு முன் இரண்டு மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லாத ஒரு கண் மருத்துவரிடம் போய், ஒவ்வொரு திசையிலும் விலகலைப் பிரிசம் அளவில் எழுதி வாங்குங்கள். புது டாக்டர் உள்ளே பார்ப்பதை, எந்தத் தசை எங்கே தைக்கப்பட்டிருந்தது என்பதை, அறுவைக் குறிப்பில் விவரமாகப் பதியச் சொல்லுங்கள். 'யார் சார் இப்படிப் பண்ணினது' என்று வாயால் அங்கலாய்க்கும் டாக்டர் காகிதத்தில் அதை எழுத மாட்டார். அளவுகளை எழுதுவார். அது போதும்.

கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். 3 வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடக் காலக்கெடு 2 வருடம். உங்களுக்கு மிச்சம் 5 மாதம். மருத்துவமனையோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. 'அடுத்த வாரம் நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறோம்' என்றே 24 மாதத்தைத் தாண்ட வைத்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: சமரசம் பேசுங்கள். சமீரா கோலிக்கு சம்மதமில்லாமல் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அறுவை நடந்தது 1995-இல், தீர்ப்பு 2008-இல். டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் இழப்பீடு 25,000 ரூபாய். நல்லெண்ணத்தில் செய்தார் என்று நீதிமன்றம் கருதினால், சம்மதக் குறைக்குக் கிடைப்பது இந்த மாதிரிச் சிறிய தொகையிலேயே நின்றுவிடலாம். வாய்தா வாய்தாவாக அலைந்து அதை வாங்குவதைவிட, கட்டிய முழுக் கட்டணமும், நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மறு அறுவைச் செலவும் கேளுங்கள். இலவசமாக அங்கேயே செய்துகொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய கையே திரும்பவும் தொட்டால் சாட்சியமும் போகும், நிம்மதியும் போகும். இன்றிலிருந்து நான்காவது மாத முடிவுக்குள் பணம் கைக்கு வராவிட்டால் ஆணையத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள். போட்ட பிறகும் அங்கேயே மத்தியஸ்தத்துக்கு வழி உண்டு.

பணம் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். 'எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று இருப்பது சரிதான், அதற்குத்தான் பணம். 'சிகிச்சையில் எனக்கு முழுத் திருப்தி' என்ற வரியும், 'இரண்டு கண்ணுக்கும் சம்மதம் தந்திருந்தேன்' என்ற வரியும் இருந்தால் அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போடுங்கள். காசோலை என்றால் அது வங்கியில் பணமாகும் வரை மூலத் தாளை உங்கள் வக்கீலிடமே வைத்திருங்கள்.