வெறும் படமா?

கேள்வி: கால்டெகாட் பதக்கம் பெற்றது என்று சொன்னதால், அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக்கின் 'Where the Wild Things Are' என்ற படப் புத்தகத்தைப் பேத்திக்கு வாங்கினேன். நடுவில் ஆறு பக்கங்களில் எழுத்தே இல்லை, வெறும் படம்தான். இதற்கா விருது?
(வாசகர், தக்கலை)

பதில்: 'வெறும்' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. தக்கலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் உள்ள ஓவியங்களை நீங்கள் வெறும் படம் என்று சொல்லமாட்டீர்கள். சுசீந்திரம் கோபுரத்தின் உட்சுவர்களில் புராணத்தை வண்ணத்தில் சொன்னவர்களையும் அப்படிச் சொல்லமாட்டீர்கள். பேத்தியின் மடிக்கு வந்ததும் அதே கலை எப்படி மதிப்பிழந்தது?

அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் வழங்கிவரும் அந்தப் பதக்கம், ஓவியருக்கென்றே ஏற்பட்டது. 1964இல் அதைப் பெற்ற இந்தப் புத்தகத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள். சேட்டை செய்ததற்காக இரவு உணவில்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட சிறுவனின் கற்பனை விரிய விரிய, பக்கத்தின் நடுவே சிறு கட்டமாகத் தொடங்கிய படமும் விரிந்து, விளிம்பைத் தொட்டு, எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்து, எழுத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய், அவன் காட்டு விலங்குகளோடு கூத்தாடும் அந்த ஆறு பக்கங்களில் எழுத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிடுகிறது. அவன் வீடு திரும்பும் கடைசிப் பக்கத்திலோ எழுத்து மட்டும்தான் இருக்கிறது, படம் இல்லை. கோபம் எப்படி வளர்ந்து எப்படி அடங்குகிறது என்பதைப் படத்தின் அளவைக் கொண்டே சொன்னதற்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

நம் பக்கத்தில் ஓவியருக்கு என்ன கிடைக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம். சாகித்ய அகாதெமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் எழுத்தாளருக்கு உரியது. தமிழ்ச் சிறார் நூல்கள் பலவற்றில் ஓவியரின் பெயரை அச்சகத்தின் முகவரிக்குப் பக்கத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஓவியர் பெயரை அட்டையில் போடும்படி ஒரு பதிப்பாளரிடம் ஒருமுறை கேட்டேன், இடமில்லை என்றார். அட்டை முழுவதும் அந்த ஓவியர் வரைந்த கடல்தான் இருந்தது. முடியாத காரியமும் அல்ல இது. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம், மரங்களைப் பற்றிக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட நூலில், பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவரையும் நூலாசிரியர்களாகவே அறிவித்தது. அந்த நூல் 2008இல் இத்தாலியின் போலோன்யா சிறார் புத்தகக் காட்சியின் விருதையும் பெற்றது.

அந்த ஆறு பக்கங்கள் வரும்போது, ஐயா, நீங்கள் பேசாமல் இருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பேத்தி சொல்லட்டும்.