சஷ்டி முடிந்த மறுநாள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் வேலை. பல வருடமாகக் கந்தசஷ்டி பிடிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குத் தவறாமல் போகிறேன். ஆனால் குணம் மாறவில்லை. வேலையால் வந்ததும் மாமி ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். போன மாதம் ரியூசன் மிஸ் போன் எடுத்தபோது, என் ஒன்பது வயது மகன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டபடி, “பஸ்ஸிலை வந்துகொண்டிருக்கிறம் மிஸ்” என்றான். நெஞ்சு திக்கென்றது. அது நான் தினமும் சொல்லும் பொய். தீட்சை கேட்டால், அதாவது குருவிடம் மந்திர உபதேசம் பெற்றால், மாறுமா? இந்த முறை ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து இருக்கட்டுமா? சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன்.

பதில்: தங்கச்சி, மகன் சொன்னதைக் கேட்டு உங்களுக்குத் திக்கென்றதே, அந்த அளவுக்கு விரதம் பலித்திருக்கிறது என்பேன். பலருக்கு அந்த இடத்தில் சிரிப்புத்தான் வரும். பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பக்கத்து வீட்டிலும் சொல்லி மகிழ்வார்கள்.

ஆனால் ஆறு நாளை இன்னும் கடுமையாக்கினால் சரிவரும் என்ற கணக்குப் பிசகு. உங்கள் பொய்யும் கோபமும் விரத நாளில் வந்து சேர்ந்தவை இல்லை. சூரன்போர் பார்த்து, மறுநாள் பாறணை செய்து விரதத்தை முடித்து வேலைக்குப் போகிறீர்களே, அந்த நாள் தொடங்கி அடுத்த ஐப்பசி வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவை. முதல் தடவை “வந்துகொண்டிருக்கிறேன்” என்றபோது நாக்கு சற்றுத் தயங்கியிருக்கும். இப்போது யோசிக்காமலே வருகிறது.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி சொல்வார்கள். ஞானம் பேச ஆள் நிறைய, கோயில் வீதி கூட்டத்தான் ஆள் இல்லை. (இந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு, சொல்ல இடம் கிடைத்தது.) கூட்டுவது, மெழுகுவது, பூக் கொய்வது, விளக்கிடுவது, இவைதான் முதல் படியான சரியை. அதற்கு நாம் காட்டும் ஆள் 7ஆம் நூற்றாண்டு அப்பர் சுவாமிகள். தேவாரம் பாடிய அத்தனை பெரியவர், கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தனவாம். பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டார். நின்று யோசித்து எடுத்த முடிவாக அது எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காகக் கல்லையும் புல்லையும் வாரி எறிந்த கை, பொன்னையும் அதே வேகத்தில் எறிந்தது.

சரி, நீங்கள் செதுக்க வேண்டிய இடம் இரண்டுதான். முதலில் போன். “இன்னும் வீட்டிலைதான் மிஸ், வர அரை மணித்தியாலம் செல்லும்” என்று மகன் கேட்கச் சொல்லுங்கள். மிஸ் ஏசினால் ஏசட்டும். நாலு தடவை வெட்கப்பட்டால் ஐந்தாம் தடவை நேரத்துக்குப் புறப்படுவீர்கள். இவ்வளவு நாளும் பிந்திப் புறப்பட வசதி செய்து தந்ததே அந்தப் பொய்தான்.

அடுத்தது மாமி. அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறீர்கள், கொண்டக்டர் “இஸ்ஸரஹட்ட யன்ன” (முன்னுக்குப் போங்கோ) என்று சிங்களத்தில் சொல்லித் தள்ளுகிறார், கால் கடுக்கிறது, பசி. கதவைத் திறந்ததும், “கரண்ட் பில் கட்டினியா?” அந்த நிமிடத்தில் யார் வாய் திறந்தாலும் எரிச்சல் வரும். ஆகவே அந்த நிமிடத்தில் பேச்சை வளர்க்காதீர்கள். “முகம் கழுவிப்போட்டு வாறன் மாமி” என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள். பகல் முழுக்க வீட்டில் இருந்தவருக்குப் பேச ஆள் வேண்டும். கரண்ட் பில் ஒரு சாட்டு.

இடையில் ஒரு நாள் கத்திவிடுவீர்கள். அன்றைக்கு “விரதம் முறிந்துபோச்சு” என்று கைவிட வேண்டாம். விரதத்துக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம், தினமும் ஒரு சிறு செயலைச் செய்யச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். அது தானாக வரும் பழக்கமாகச் சராசரி 66 நாள் ஆகும் என்று கணித்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. அடுத்த நாள் திரும்பத் தொடங்கினால் போதும்.

தீட்சை கேட்பது நல்லது, கேளுங்கள். ஆனால் கோபத்துக்கு மருந்தாகக் கேட்க வேண்டாம். கேட்ட பிறகு தினமும் அனுட்டானம், அதாவது மந்திரம் செபிக்கும் நித்திய வழிபாடு, பார்க்க வேண்டும். அதுவும் நாளாந்தக் காரியந்தான்.

தண்ணீர் விரதம் மட்டும் கட்டாயம் வேண்டாம். சீனி வருத்தக் குளிசையோடு பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இயலாதவர்கள் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்டு, ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். குளிசையின் அளவையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும்.