ஸ்ப்ரே கன்ன மாத்தினா தண்ணி வேகம் கூடுமா?

கேள்வி: சார், கார் கழுவுறதுக்குன்னு எட்டு மோடு வச்ச ஸ்ப்ரே கன் ஒண்ணு வாங்குனேன். வீடியோல சீறிக்கிட்டு வருது, எங்க வீட்ல பூச்செடிக்கு ஊத்துற மாதிரி தான் வருது. மாடி டேங்க் தண்ணி, ஹோஸ் அரை இன்ச், 30 மீட்டர். இதவிட நல்ல கன் ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: கன் மேல பழிய போடாதீங்க, அது பாவம். நாசில் எதுவும் தானா பிரஷர உண்டாக்காது, வந்து சேர்ற பிரஷர தண்ணியோட வேகமா மாத்தி விடும், அதுக்கு அவ்வளவுதான் வேலை. டேங்க்ல தண்ணி நிக்குற மட்டத்துக்கும் உங்க கையில இருக்குற கன்னுக்கும் நடுவுல எவ்வளவு உயரமோ அதுதான் உங்க கையிருப்பு, 10 மீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட 1 பார் (பிரஷர அளக்குற அலகு)னு கணக்கு. 5, 6 மீட்டர் உயரத்துல டேங்க் இருந்தா அரை பார் சொச்சம் தான் கெடைக்கும், வீடியோக்காரங்க மோட்டார்லயோ இல்ல நல்ல பிரஷர் இருக்குற லைன்லயோ மாட்டி காட்டுறாங்க, ரெண்டையும் ஒப்பிட்டா உங்களுக்கு மனக்கஷ்டம் தான் மிச்சம்.

அந்த அரை பார்லயும் உங்க 30 மீட்டர் ஹோஸ் ஒரு பங்கு தின்னுடும். எவ்வளவு தின்னுதுன்னு பாக்கணுமா, ஒரு 10 லிட்டர் பக்கெட்ட எடுத்து மொதல்ல நேரா டேப்புக்கு கீழ வச்சு நெறைய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க, அப்புறம் ஹோஸ மாட்டி கன் இல்லாம வெறும் நுனில புடிச்சு பாருங்க. டேப்ல 30 செகண்டும் ஹோஸ் நுனில 60 செகண்டும் ஆச்சுன்னா, பாதி தண்ணி கன் பக்கமே வரல, அப்புறம் கன்ன மாத்தி என்ன பிரயோஜனம்? அதே தண்ணிய அரை இன்ச்சுக்கு பதிலா முக்கால் இன்ச் ஹோஸ்ல விட்டா உராய்வுல போற பிரஷர் ஏழுல ஒரு பங்குக்கு இறங்கிடும், விட்டம் கொஞ்சம் கூடினாலே இழப்பு மளமளன்னு கொறையும். வண்டி நிக்குற எடம் 8 மீட்டர்ல இருந்தா, காரை சுத்தி வர்றதுக்கும் சேத்து 15 மீட்டர் போதும், மீதிய வெட்டிடுங்க, மனசு வரலைன்னா கூட வெட்டிடுங்க.

ஹோஸ் சரியான பிறகு கன்னுக்கு வாங்க. எட்டு மோடு கன்ல தண்ணி ஒரு ஸ்பிரிங் வால்வ தாண்டி, திரும்பி, தட்டுல இருக்குற குட்டி குட்டி ஓட்டை வழியா வெளிய வரணும், கம்மி பிரஷர்ல இதெல்லாம் தாங்காது. உங்களுக்கு ஏத்தது பித்தளைல வர்ற நீட்டு நாசில், முன்னாடி திருகினா ஜெட்ல இருந்து கூம்பு வரைக்கும் மாறும், உள்ள வழி நேரா இருக்கும். ஹோஸ் நுனிய கட்டை விரலால பாதி அடைச்சா தண்ணி பீச்சுதே, நடக்குறது அதேதான், வர்ற தண்ணி அளவு கொறையுது, அதனால ஹோஸ்ல இழப்பும் கொறையுது, மிச்சம் இருக்குற பிரஷர் பூரா நுனில வேகமா மாறுது. எட்டு மோடுல நீங்க கார் கழுவ ரெண்டு தான் யூஸ் பண்ண போறீங்க, எனக்கு அந்த மிஸ்ட் மோடு எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கேள்வி: டேப்ல கனெக்டர் மாட்டுற எடத்துல ஒழுகுது. டெஃப்லான் டேப் அரை ரோல் சுத்தியாச்சு, நிக்கல.

பதில்: மொதல்ல அத பூரா உரிச்சு எறிங்க. ஹோஸ் கனெக்டர்ல தண்ணிய தடுக்குறது மரை இல்ல, உள்ள அடில படுத்திருக்குற ரப்பர் வாஷர், மரை அத இறுக்கி புடிக்க மட்டும் தான். வாஷர வெளிய எடுத்து பாருங்க, ஒரு பக்கம் மோதிரம் பதிஞ்ச மாதிரி பள்ளம் விழுந்து கல்லு மாதிரி இருக்கும், புதுசு போட்டா கையால இறுக்கினாலே நின்னுடும். டெஃப்லான் சுத்துறது மரையே அடைப்பா இருக்குற ஜாயின்ட்டுக்கு, சுவத்துக்குள்ள டேப்ப திருகுறோமே அந்த மாதிரி எடத்துக்கு.

வாஷர் நல்லா இருந்தும் ஒழுகுதுன்னா மரை பொருந்தல. அரை இன்ச் டேப்ன்னு சொல்றோம், ஆனா வெளிய ஸ்கேல் வச்சா கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும், முக்கால் இன்ச்சுக்கு 26.5 மி.மீ., அரை இன்ச்னா 12.5 மி.மீ.ன்னு அளந்து குழம்பாதீங்க, அது பழைய பைப்போட உள் அளவுல இருந்து வந்த பேரு. இன்னொரு வம்பு, அமெரிக்க ஹோஸ் மரை. முக்கால் இன்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் அளவு) மரைல ஒரு இன்ச்சுக்கு 14 சுத்து, அமெரிக்க கார்டன் ஹோஸ்ல 11.5 சுத்து, விட்டம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு போல இருக்கும், ஒரு சுத்து ரெண்டு சுத்து நல்லா ஏறி அப்புறம் மாட்டிக்கும். அங்க ஸ்பேனர் போட்டு திருகினீங்கன்னா பிளாஸ்டிக் விரிஞ்சிடும். ஆன்லைன்ல வாங்குறப்ப எந்த மரைன்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க.

மரையே இல்லாத டேப்னா நிப்பிள் (ஹோஸுக்குள்ள போற, வளையம் வளையமா இருக்குற குழாய்) வச்ச கனெக்டர சொருகி கிளாம்ப் போடணும். ஹோஸ் நுனிய சுடுதண்ணில முக்கிட்டு சொருகினா வழுக்கிக்கிட்டு போகும், நிப்பிளோட கடைசி வளையத்தையும் தாண்டி உள்ள போன பிறகு கிளாம்ப வளையங்களுக்கு மேல வைங்க, ஹோஸோட ஓரத்துல வச்சா உருவிக்கும்.

கேள்வி: சொருகினா டக்குன்னு மாட்டிக்குற க்விக் கனெக்டர் பித்தளைல வாங்கவா பிளாஸ்டிக்லயா?

பதில்: பித்தளை. ஆனா நெஜ பித்தளையா இருக்கணும், மஞ்ச பூச்சு பூசுன ஜிங்க் நிறைய சுத்துது, காந்தம் வச்சு பாத்தா ரெண்டுலயும் ஒட்டாது, அதனால கண்ணுக்கு தெரியாத எடத்துல லேசா கீறி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா ஏமாந்துட்டீங்க. பித்தளை டேப்ல அலுமினிய கனெக்டர் மாட்டி மாசக்கணக்கா விட்டுடாதீங்க, ஈரத்துல அலுமினியம் அரிச்சு இறுகி கழட்ட வராது. எதா இருந்தாலும் வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு உள்ள பாருங்க, ஒரு பேனா கூட தாராளமா நுழையலன்னா அந்த ஓட்டை தான் உங்க தண்ணிய தடுக்க போகுது. நாசில் மூக்குல ரப்பர் உறை இருக்கட்டும், கைதவறி கதவுல பட்டா பெயின்ட் போயிடும்.

கேள்வி: ட்ரிக்கர விட்டா தண்ணி நின்னுடுதே, டேப்ப மூடாம விட்டா என்ன?

பதில்: ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெயில்ல மணிக்கணக்கா கெடந்தா உள்ள தண்ணி சூடாகி பிரஷர் ஏறும், ரப்பர் இளகும், ஹோஸ் வெடிக்கலைன்னா கிளாம்ப்ப விட்டு உருவிக்கும்.

கேள்வி: பேசாம பிரஷர் வாஷர் வாங்கிடலாமா? அஞ்சு கலர் நாசில் தர்றாங்க, எது போடணும்?

பதில்: வாங்கலாம், வெள்ளை போடுங்க. அதுல தண்ணி விரியுற கோணம் 40 டிகிரி, பச்சை 25, மஞ்ச 15, சிவப்பு 0, கருப்பு சோப்புக்கு. சிவப்ப கார் பக்கத்துல கொண்டு போகாதீங்க, பெயின்ட், ஸ்டிக்கர், டயர் சைடுவால் எதையும் விடாது. வெள்ளையா இருந்தாலும் ஒரு அடி தள்ளி நில்லுங்க, கல்லு பட்டு பெயின்ட் ஏற்கனவே பெயர்ந்த எடத்துல ஓரத்துல இருந்து உரிஞ்சு வரும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த பக்கெட் டெஸ்ட்ட பண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருதுன்னு பாருங்க, மெஷின் கேக்குறது அதவிட அதிகம்னா பம்ப் காத்த இழுத்து கெட்டுப்போகும்.

கேள்வி: கழுவின பிறகு வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்குது. கடைசியா அலச எந்த மோடு நல்லது?

பதில்: கன்ன கழட்டிடுங்க. நெஜமா தான். வெறும் ஹோஸ, வண்டி நெழல்ல நிக்குறப்ப, கூரைல இருந்து ஆரம்பிச்சு மெதுவா வழிய விடுங்க, தண்ணி ஒரே படலமா இறங்கும், போறப்ப முக்காவாசி துளிய தன்னோட இழுத்துட்டு போயிடும். ஸ்ப்ரே அடிச்சா தான் ஆயிரம் சொட்டு தனித்தனியா நின்னு காயும், தண்ணில இருக்குற உப்பு அங்கயே தங்கும். மிச்சத்த மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க.