இரவில் நண்பர்களோடு கார் கேட்கும் மகன்: தரலாமா?

உரிமம் வாங்கி ஒரு மாதமே ஆன உங்கள் மகன், மூன்று நண்பர்களோடு இரவில் போகக் கார் கேட்கிறான், மறுத்தால் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபிக்கிறான் என்கிறீர்கள். இந்த முறை சாவியைத் தராதீர்கள். அவன் நன்றாகவே ஓட்டலாம். ஆனால் சம வயதினர் உடன் ஏற ஏற, புது ஓட்டுநருக்கு உயிராபத்து கூடுகிறது. இருட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். நியூசிலாந்து 1987இலேயே புதியவர்களுக்கு இந்த இரண்டையும் கட்டுப்படுத்தியது. இதை அவனிடம் சொல்லுங்கள்; நம்பிக்கை பற்றிய சண்டையாக மாறாது.

மறுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள், அதுதான் முக்கியம். சில வாரங்கள் இரவில் நீங்கள் பக்கத்தில் உட்கார, அவன் ஓட்டட்டும். மழையிலும் ஓட்டட்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்கும்போது, அவன் பார்வை தன் பக்கத்துச் சாலையோரக் கோட்டுக்கு நகர்கிறதா, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுகிறதா என்று கவனியுங்கள். கத்தாதீர்கள், பதறிப்போய் பிரேக்கை மிதித்துவிடுவான்.

கைபேசி பின்சீட்டில் கிடக்கட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், கார் 33 மீட்டர் குருட்டாம்போக்கில் ஓடியிருக்கும்.

பிறகு, பகலில் ஒரே ஒரு நண்பனை ஏற்றிக்கொள்ள அனுமதியுங்கள். சீட் பெல்ட் எல்லோருக்கும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், திட்டாமல் வந்து அழைத்துப்போவேன் என்று இன்றே அவனுக்கு வாக்குக் கொடுங்கள்.