திரைக்குப் பின்னால் ஈடித் சிட்வெல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலக் கவிஞர் ஈடித் சிட்வெல்லைப் பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாம் அவருடைய தலைப்பாகைகளையும் பூவேலைப்பாடு மிக்க பட்டு அங்கிகளையும் பெரிய மோதிரங்களையுமே பேசுகின்றன. கவிதையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் வெறும் வேடம்தானா? இன்று அவரை வாசிக்கத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈடித்தும் எழுத்தாளர்களான அவருடைய இரு தம்பிகளுமாகிய சிட்வெல் குடும்பத்தார் கவிதையின் வரலாற்றைவிட விளம்பரத்தின் வரலாற்றுக்கே உரியவர்கள் என்று விமர்சகர் எஃப்.ஆர்.லீவிஸ் 1932இலேயே எழுதிவிட்டார். நீங்கள் படித்த குறிப்புகளும் அந்த வழியில் வந்தவைதாம். ஆனால் ஈடித்துக்கு அதிகக் கெட்டபெயர் தேடித்தந்த நிகழ்ச்சியில் அவரை யாரும் பார்க்கவே இல்லை.

1923 ஜூன் 12 அன்று லண்டன் ஏயோலியன் ஹாலில் ஈடித்தின் கவிதைகளை இசையோடு சொல்லும் 'ஃபசாட்' முதன்முறையாகப் பொதுமக்கள் முன் அரங்கேறியது. கட்டடத்தின் முகப்பு என்பது அச்சொல்லின் பொருள். மேடையை மறைத்து, சிற்பி ஃபிராங்க் டாப்சன் தீட்டிய திரை தொங்கியது. திரையில் ஒரு பெரிய முகம். அதன் வாயில் ஓர் ஒலிக்குழல். பின்னால் அமர்ந்த ஈடித் கவிதைகளைப் பாடாமல், தாளம் பிசகாமல் அக்குழல் வழியே சொல்லிக்கொண்டே போக, இருபத்தொரு வயது இசையமைப்பாளர் வில்லியம் வால்டனின் இசை உடன் ஓடியது. நாடகாசிரியர் நோயல் கவர்ட் பாதியிலேயே எழுந்து போனார். அதே ஆண்டு சிட்வெல்களைக் கேலிசெய்து ஒரு மேடைக்காட்சியும் எழுதினார். ஈடித் அதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மன்னிக்கவில்லை. கோபத்தைப் பேணுவதிலும் அவர் கைதேர்ந்தவர்.

அக்கவிதைகளைப் பொருளற்றவை என்றார்கள். வால்ட்ஸ், போல்கா, ஹார்ன்பைப் ஆகிய நடனங்களின் சந்தத்தில், ஓர் அசை நீண்டாலோ குறைந்தாலோ வரியின் வேகம் என்ன ஆகிறது என்று அவர் சோதித்துப் பார்த்த பயிற்சிகள் அவை. கண்ணால் மட்டும் வாசிப்பவருக்குப் பாதிகூடக் கிடைக்காது.

உடைக்கு வருகிறேன். 1887இல் ஸ்கார்பரோவில் பிறந்த அவருடைய முதுகையும் மூக்கையும் நேராக்கச் சிறுவயதில் பெற்றோர் இரும்புக் கருவிகளை மாட்டினர். அதைத் தன் 'பாஸ்டில்' சிறை என்றார் அவர். 1900இல் குடும்ப ஓவியம் தீட்டிய ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்டிடம் மகளின் மூக்குக் கோணலைத் தந்தை சுட்டிக்காட்ட, ஓவியரோ மகளின் மூக்கை நேராகவும் தந்தையுடையதைக் கோணலாகவும் வரைந்துவிட்டார் என்பது அக்குடும்பத்தில் வழங்கிய கதை. குறையாகப் பார்க்கப்பட்ட உயரத்தையும் நீண்ட முகத்தையும் மறைக்காமல், அவற்றுக்கென்றே உடுத்தினார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் தன்னை மட்டுமே முன்னிறுத்தியவரும் அல்லர். முதல் உலகப்போரில் மடிந்த கவிஞர் வில்ஃப்ரட் ஓவனின் கவிதைகளைத் தன் 'வீல்ஸ்' தொகுப்பில் 1919இலேயே வெளியிட்டார்.

பிற்காலக் கவிதைகளில் பொன்னும் சூரியனும் சிங்கமும் எலும்பும் திரும்பத் திரும்ப வந்து என்னைச் சலிக்கவைக்கின்றன. 'ஸ்டில் ஃபால்ஸ் த ரெயின்' மட்டும் விலக்கு. 1940இல் பிரிட்டன்மீது ஜெர்மனி நடத்திய வான்தாக்குதல்களைப் பற்றிய அக்கவிதையில் குண்டு என்ற சொல் வராது. மழை பெய்துகொண்டே இருக்கும். கிறிஸ்து பிறந்தது முதலான ஆண்டுகள் சிலுவையில் அறைந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ஆணிகளாகின்றன. காலண்டரில் தினமும் பார்க்கும் எண்ணை இப்படி எண்ணிக் காட்டியவரை வேடக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தில் தொடங்காதீர்கள். வால்டன் இசைக்குழுவை நடத்த, ஈடித்தும் இசையமைப்பாளர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட்டும் 'ஃபசாட்' சொல்லும் 1929ஆம் ஆண்டு ஒலிப்பதிவு இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.