வெளுத்த கதிருக்குக் காரணம் வேரில்

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். மணி பிடிக்கும் பருவத்தில் திட்டுத் திட்டாகக் கதிர் வெளுத்து, மணியில்லாமல் சாவியாகிவிட்டது. தண்ணீர் பற்றாக்குறைதான் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: வேரைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள். திட்டின் ஓரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தூர்களை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். கையால் இழுத்தால் நோய்ப்பட்ட வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் வறட்சியோ உறைபனியோ காரணமாக இருக்கலாம். கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் ஒரு வேரை ஒடித்து நடுநரம்பைப் பாருங்கள். அதுவும் கறுப்பென்றால் 'டேக்-ஆல்' என்ற வேரழுகல்தான். அடி இலையுறையை உரித்தால் தண்டின் அடியிலும் கறுப்பு பளபளக்கும். இந்த நோயைத் தரும் பூசணம் வேரின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் கதிருக்கு ஏறாது. (வேர் நுனி பழுப்பாகி ஈட்டிபோல் கூர்ந்திருந்தால் அது ரைசோக்டோனியா என்ற வேறொரு பூசண நோய். அதற்கு, விதை விழும் ஆழத்துக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. மண்ணைக் கிளறி விதைப்பது உதவும்.)

டேக்-ஆல் பூசணம் கோடையைக் கழிப்பது பழைய வேரிலும் தூர்க்கட்டையிலும்தான். அறுவடைத் தாளை எரித்துப் பெரிய பயனில்லை, மண்ணுக்குள் இருக்கும் வேருக்குச் சூடு எட்டாது. ஒரு வருடம் கோதுமை, பார்லி இரண்டையும் விட்டு கெனோலா (கடுகு இன எண்ணெய்வித்து), லூப்பின் (ஒரு பயறு வகை), கொண்டைக்கடலை ஏதாவது போடுங்கள். பட்டினி கிடக்கும் பூசணம், வேர் மக்க மக்க அழியும். பலர் சறுக்குவது இங்கேதான்: கெனோலாவுக்கு நடுவே பார்லிப்புல் என்ற களை மண்டினால் அந்த வேரிலேயே பூசணம் பிழைத்துக்கொள்ளும். குளிர்காலம் முடிவதற்குள் புல்லை ஒழித்துவிட வேண்டும், பிறகு ஒழித்தால் வேர் மக்க நேரம் போதாது.

புளிப்பு (அமில) மண்ணுக்குச் சுண்ணாம்பு இடும் திட்டமிருந்தால், கோதுமைக்கு முன்பு வேண்டாம். மாற்றுப்பயிர் போடும் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு குறைந்தால் இந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். தழைச்சத்தை நைட்ரேட்டாக இடுவதைவிட அமோனியம் சல்பேட்டாக இடுவது நல்லது, வேரை ஒட்டிய மண் சற்றுப் புளிக்கும். மாங்கனீஸ் பற்றாக்குறை இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: விடாமல் கோதுமையே போட்டால் இந்த நோய் தானாகக் குறையுமாமே?

பதில்: உண்மைதான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் நன்கு ஆராயப்பட்ட விஷயம் இது. பூசணத்தை அடக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா வேரைச் சுற்றிப் பெருகுவது முக்கியக் காரணம். ஆனால் அதற்குமுன் சில வருட விளைச்சலைக் காவு கொடுக்க வேண்டும். நடுவில் மாற்றுப்பயிர் போட்டால் அந்தப் பாதுகாப்பும் தளர்ந்துவிடும். உங்கள் வயலுக்கு மாற்றுப்பயிரையே சொல்வேன்.