பெக்காரியாவும் தண்டனையும்: கேள்வி பதில்

பெக்காரியாவுக்கு முன் யாருமே சித்திரவதையை எதிர்க்கவில்லையா? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

எதிர்த்தார்கள். பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டில் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1740-லேயே, சில விதிவிலக்குகளோடு, அதை நிறுத்திவிட்டார். ஆனால் இத்தாலியின் மிலான் நகரத்து பெக்காரியா 26 வயதில் குற்றம், தண்டனை பற்றி எழுதி, 1764-இல் பெயர் போடாமல் வெளியிட்ட சிறு நூல்தான் விஷயத்தை அடிவேர் வரை கிளறியது. குற்றம் உறுதியானால் சட்டம் சொல்லும் தண்டனை போதும், வதை எதற்கு? உறுதியாகவில்லை என்றால் நிரபராதியை அல்லவா வதைக்கிறீர்கள்? உடம்பில் தெம்புள்ள குற்றவாளி வலியைத் தாங்கித் தப்பிவிடுவான். நோஞ்சான் நிரபராதி செய்யாததை ஒப்புக்கொண்டு சாவான். இதற்கு இன்றுவரை நல்ல மறுப்பு ஒன்றை நான் படித்ததில்லை.

கலாஸ் வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள். (ஆசிரியர், மதுரை)

ஜான் கலாஸ் பிரான்சின் தூலூஸ் நகரில் துணி வியாபாரி, புராட்டஸ்டண்ட். 1761 அக்டோபரில் மூத்த மகன் கடைக்குள்ளேயே பிணமாகக் கிடந்தான். தற்கொலை செய்தவனின் உடலைத் தெருவில் இழுத்துப் போவது அன்றைய வழக்கம். அதற்குப் பயந்து, யாரோ கொன்றுவிட்டதாகக் குடும்பம் முதலில் சொன்னது. அந்தப் பொய்யே வினையானது. மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அப்பனே கொன்றான் என்று ஊர் பேசியது. அந்த நீதிமன்றம் கால் சாட்சி, அரைக்கால் சாட்சி என்று கணக்கு வைத்து வதந்திகளைக் கூட்டி முழுச் சாட்சி ஆக்கியதை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பிற்பாடு எழுதினார். 1762 மார்ச் 10 அன்று கிழவரைச் சித்திரவதை செய்தார்கள். வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்தார்கள். கடைசிவரை நான் நிரபராதி என்றே சொன்னார். வால்டேர் விடாமல் போராடியதால் 1764-இல் தீர்ப்பு ரத்தாகி, 1765-இல் கலாஸ் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார்.

தண்டனை கடுமையாக இருந்தால்தானே பயம் வரும்? (சென்னை, சேலம், கோவை: மூவர்)

மூவருக்கும் ஒரே பதில். பெக்காரியா கேட்டது உறுதியும் விரைவும். மிதமான தண்டனை தப்பாமல் வரும் என்று தெரிந்தால், தப்ப வழியுள்ள கொடூர தண்டனையைவிட அதிகம் பயமுறுத்தும்.

மரண தண்டனை வேண்டாம் என்றவர் ஆயுள் முழுக்க அடிமை உழைப்பு கேட்டாரே, இதுவா மனிதநேயம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆம், கேட்டார். தூக்கு ஒரு கணத்தில் முடிந்துவிடும், மக்களும் மறந்துவிடுவார்கள். சங்கிலியோடு உழைப்பவனைப் பார்க்கப் பார்க்கப் பயம் நிற்கும் என்றார். பார்ப்பவன் அத்தனை வருடத் துன்பத்தையும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிறான், அனுபவிப்பவனோ அன்றன்றைக்கான துன்பத்தையே அனுபவிக்கிறான். அதனால் பயம் பார்ப்பவனுக்கே அதிகம் என்பது அவர் கணக்கு. எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு மனிதனை ஊருக்குப் பாடமாக வைப்பது தவறு. தயவுசெய்து பெக்காரியாவைக் கருணை வள்ளலாக்காதீர்கள்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் பெக்காரியாவைக் கருணை மிகுந்தவர் என்றுதானே குறை சொன்னார்? (அதே வாசகர்)

சொன்னார், 1797-இல். கொலைக்குக் கொலைதான் நீதி என்பது காண்ட் கட்சி. ஆனால் அந்த அடிமை உழைப்புப் பக்கத்தைப் படித்தவர் பெக்காரியாவைக் கருணைக்காகக் குறை சொல்ல முடியாது. சமூகத்துக்குப் பயனுண்டா என்பதே பெக்காரியாவின் அளவுகோல். அவர் எங்கே சறுக்கினார் என்றால், பயன் இருந்தால் போதும் என்று நினைத்த இடத்தில். காண்ட் அதைப் பிடித்திருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். மனிதனை வெறும் கருவியாக்கக் கூடாது என்று அவரே சொன்னவராயிற்றே!

தூக்கு போட்டால்தான் குற்றம் குறையும் என்கிறேன். (திருநெல்வேலி)

மேலே மூவருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நம்ம பக்கம் இதெல்லாம் நடந்ததா? (தஞ்சாவூர்)

நடந்தது. வரி வசூலுக்கே கிட்டி (கை கால்களை இடுக்கி நெரிக்கும் மரக் கருவி) போட்டார்கள். சென்னை மாகாண விசாரணை ஆணையத்தின் 1855 அறிக்கையில் இருக்கிறது. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்று சொன்ன 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்.

மரண தண்டனையை முதலில் யாராவது ஒழித்துப் பார்த்தார்களா? (புதுச்சேரி)

இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட லியோபோல்ட், 1786 நவம்பர் 30 அன்று. 1790-இல் கலவரங்களுக்குப் பின் சில குற்றங்களுக்கு அவரே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.